கிழமை வேலைகளுக்குக் கூகுள் கீப் சரிவருமா?

உப்புவெளியில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறோம். மே பிறந்தால் செப்டெம்பர் வரை தலைக்கு மேல் வேலை. அன்றாட வேலை, கிழமை வேலை எல்லாவற்றையும் இப்போது கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில்தான் போடுகிறோம். ஜிமெயில் இருந்தால் போதும், காசு இல்லை. நோஷன் என்ற செயலி இதைவிட வசதிதான், ஆனால் அதை அமைத்து முடிக்கிற நேரத்துக்குள் இரண்டு அறையைக் கூட்டிவிடலாம்.

நாளுக்கு ஒரு குறிப்பு என்று தொடங்காதீர்கள், தேடியே களைத்துப்போவீர்கள். கிழமைக்கு ஒரே குறிப்பு, அதை மேலே பின் பண்ணி வையுங்கள். 'திங்கள்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே சற்று உள்ளே தள்ளி அன்றைய வேலைகள். காஸ் சிலிண்டர் வரவில்லையா, அந்த வரியை விரலால் இழுத்துச் செவ்வாய்க்குக் கீழே விட்டால் சரி.

எனக்கு நன்றாகப் பிடித்தது வேறொன்று. துவாய், படுக்கை விரிப்பு, நுளம்புத்திரி, ஏசி ரிமோட்டுக்குப் பற்றரி என்று அறைக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரி போடப் போட அது கீழே இறங்கிவிடும், அடுத்த ஆள் வருவதற்கு முன் மெனுவுக்குள் போய் எல்லாச் சரியையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் பட்டியல் பழையபடி நிற்கும், திரும்ப எழுதுகிற வேலையே இல்லை.

குறிப்பை அக்காவுடன் பகிர்ந்திருக்கிறேன். அவர் சந்தையில் நின்று சரி போட்டால் என் போனிலும் விழும், "அக்கா, பாரை வாங்கிட்டீங்களா?" என்று கோல் எடுக்கத் தேவையில்லை. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும்போது சிக்னல் விட்டுப்போனாலும் எழுதலாம், இணையம் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

குறை என்றால், கிழமையை நாட்காட்டி மாதிரி விரித்துக் காட்டாது. புதன்கிழமை போயா, வங்கி பூட்டு என்பதெல்லாம் இதில் தெரியாது. கூகுள் கலண்டரில் இலங்கை விடுமுறைகளைச் சேர்த்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், அழித்த குறிப்பு 7 நாள்தான் குப்பையில் கிடக்கும், பிறகு போனது போனதுதான். முடிந்த கிழமையை அழிக்காமல் ஆர்க்கைவுக்கு அனுப்புங்கள். போன சீசனில் விரிப்புகளை எப்போது சலவைக்குக் கொடுத்தோம் என்று தேடினால் உடனே வருகிறது.

வரவு செலவை மட்டும் இதில் எழுத வேண்டாம். கீப் கூட்டித் தராது, அதற்குக் கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது.