ஹாலோஜன் விளக்கை எல்இடிக்கு மாற்றப் போகிறீர்களா? என் 480 வெள்ளி போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

480 வெள்ளியை வாங்கிக்கொண்டு, அம்மா உட்கார்ந்து டிவி பார்க்கும் இடத்துக்கு நேர் மேலே, கருகிய ஒயரை டேப் சுற்றி மறைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர். நேற்றுதான் தெரிந்தது. கோபத்தில் தூக்கமே வரவில்லை.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஹாலில், ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு ஹாலோஜன் விளக்குகள். எல்லாம் 12 வோல்ட், 50 வாட். ஒவ்வொன்றுக்கும் மேலே, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தேன்: பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, புது டிரைவரும் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) எல்இடி பல்பும் போட்டுத்தர ஒரு பாயிண்டுக்கு 60 வெள்ளி. எட்டுக்கு 480.

வந்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். முதல் விளக்கைக் கழற்றியதும் பழைய டிரான்ஸ்ஃபார்மரை என் கையிலேயே கொடுத்தார். ஒயரின் உறை பழுப்பேறி, அப்பளம் மாதிரி நொறுங்கியது. “பாத்தீங்களா அக்கா, இதை மாத்தாம வெறும் பல்பை மட்டும் மாத்திட்டுக் காசு வாங்கிட்டுப் போறவங்க நிறைய பேரு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நம்பினேன். அம்மா காபி போடப் போனார், நான் அம்மாவுக்கு உதவப் போனேன். திரும்பி வந்தபோது எட்டும் பளிச்சென்று எரிந்தன. பேநவ்வில் 480 வெள்ளி அனுப்பினேன்.

அன்று இரவே மினுக்கத் தொடங்கியது. அப்புறம் ஒரு ரீங்காரம். அவரைக் கேட்டால், “புது பல்பு அக்கா, செட் ஆகட்டும்.” மறுபடி கேட்டால், “உங்க வீட்டு கரண்ட் சரியில்லை.” அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான், பதில் இல்லை. செயலிக்காரர்களோ உத்தரவாதம் உழைப்புக்கு மட்டும், பொருளுக்கு இல்லை என்றார்கள். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அடுத்த வேலைக்கு 10 வெள்ளிக் கழிவு கொடுத்துப் புகாரை மூடிவிட்டார்கள். 480 போனவளுக்கு 10 வெள்ளிக் கழிவு!

நேற்று உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து திறந்து பார்த்தார். முதலில் வந்தவர் என் கண்ணுக்குக் காட்டிய அந்த ஒன்றை மட்டும்தான் மாற்றியிருக்கிறார். மற்ற ஏழும் பழைய டிரான்ஸ்ஃபார்மரே. அதன் மேலேயே 20–60 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. குறைந்தது 20 வாட் இழுத்தால்தான் அது ஒழுங்காக ஓடுமாம். கீழே மாட்டியிருந்ததோ 5 வாட் எல்இடி. மினுக்காமல் என்ன செய்யும்? இரண்டு இடத்தில் கனெக்டர் உருகியிருந்தது, அதன் மேல் புதுக் கறுப்பு டேப்.

என்ன கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில:

வேலைக்கு வருபவரின் உரிம எண்ணைக் கேட்டு, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். கழற்றிய எல்லா டிரான்ஸ்ஃபார்மரையும் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லி, எண்ணிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். நீங்களே பல்பு மாற்றினால் சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) அந்த விளக்குகளுக்கான எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சையே இறக்குங்கள். ஹாலோஜன் கண்ணாடி எரியும்போது 250 டிகிரிக்கு மேல் சூடாகும், நன்றாக ஆறவிடுங்கள். புது ஹாலோஜன் பல்பே போடுவதென்றால் வெறும் விரலால் கண்ணாடியைத் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பு வெடிக்கலாம். இரண்டு மெல்லிய ஊசி வைத்தது 12 வோல்ட், திருகி மாட்டும் இரு குமிழ் வைத்தது 230 வோல்ட். கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

480 வெள்ளியை நான் விடப்போவதில்லை. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தாயிற்று, அடுத்து சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். பாயிண்டுக்கு 60 வெள்ளி விளம்பரத்தைப் பார்த்து நீங்களும் வேலை கொடுத்து, உங்கள் விளக்கும் மினுக்கினால், இன்றைக்கே அதை அணைத்துவிட்டு உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு மேலே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.