தனியா யோசிக்கலாமா, கூடி உக்காந்து யோசிக்கலாமா?

எந்த வேலைக்குன்னு தெரியாம இதுக்கு பதில் சொல்ல முடியாது, ஆனா எதுக்கெடுத்தாலும் "வாங்க உக்காந்து பேசுவோம்"னு மீட்டிங் போடுறாங்களே, அதுதான் எனக்கு ஒத்துவரல.

ஒரு நம்பரை ஊகிக்கிற வேலைன்னா கூட்டம் பிரமாதம். 1906ல இங்கிலாந்து பிளிமத் கண்காட்சில, ஒரு மாட்டை வெட்டி சுத்தம் பண்ணா எவ்வளவு எடை வரும்னு போட்டி. பிரான்சிஸ் கால்டன்ங்கிற விஞ்ஞானி அதுல எழுதிப் போட்ட 787 சீட்டை எடுத்து கணக்கு போட்டார், சராசரி 1197 பவுண்ட், நிஜ எடை 1198! இத காட்டி கூட்டத்துக்கு அறிவு ஜாஸ்தின்னு சொல்றவங்க ஒண்ண விட்டுடுறாங்க, அங்க யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணல, அவங்கவங்க எழுதிப் போட்டாங்க, அதனாலதான் ஒருத்தர் கூட்டிச் சொன்னதும் இன்னொருத்தர் குறைச்சுச் சொன்னதும் கழிஞ்சு போச்சு. முதல் ஆள் சத்தமா ஒரு நம்பர் சொல்லிட்டா மத்தவங்க அந்தப் பக்கமே சாஞ்சிடுவாங்க, அப்புறம் தப்பு கழியாது.

புது ஐடியா வேணும்னாலும் தனியாதான். 1958ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழக ஆய்வுல பாத்தாங்க, நாலு பேர் சேர்ந்து பேசினதை விட நாலு பேர் தனித்தனியா எழுதினதை ஒண்ணா சேத்தப்போ ஐடியா நிறைய வந்துச்சு. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க வாய மூடிட்டு காத்திருக்கணும்ல, அதுக்குள்ள பாதி மறந்துடும்.

ஆனா லாஜிக் புதிர்ல கதையே மாறுது. நாலு கார்டை வெச்சு, கார்டோட ரெண்டு பக்கத்தையும் பத்தி ஒரு விதி சொல்லி, அது சரியான்னு பாக்க எதெத திருப்பணும்னு கேக்கிற வேசன் புதிர், 1998ல ஒரு ஆய்வுல தனியா போட்டவங்கள்ல 9 சதவீதம்தான் சரி, அஞ்சாறு பேர் குழுவா பேசி போட்டப்போ 75 சதவீத குழுக்கள் சரி. ஏன்னா இங்க சரியான பதிலை நிரூபிச்சு காட்டலாம், "அது ஏன்?"னு ஒருத்தர் கேட்டாலே தப்பு வெளிய வந்துடும். இதுக்கு எல்லாரும் பேசணும், ஒரே ஆள் பேசிட்டே இருந்தா அது குழுவே இல்ல.

அதனால நான் எப்பவும் சொல்றது, முதல்ல அவங்கவங்க பேப்பர்ல எழுதுங்க, அப்புறம் பேசுங்க, பெரிய பதவில இருக்கிறவர் கடைசியா வாய திறக்கட்டும்.

தனி ஆள் சாதனைன்னா ஃபெர்மா தேற்றம்ங்கிற பழைய கணிதப் புதிரை நிரூபிக்க ஏழு வருஷம் ரகசியமா உழைச்ச கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸை சொல்வாங்க, நியாயம்தான், அந்த அளவு ஆழமா போக தனிமை வேணும். ஆனா 1993ல அறிவிச்ச அப்புறம் நிரூபணத்துல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சது சரிபார்த்தவர் கேட்ட கேள்வியாலதான், பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரை கூட வெச்சுக்கிட்டு உழைச்சு 1994 செப்டம்பர்லதான் அத அடைச்சார்.