பூஞ்சை அலர்ஜி: தோலில் குத்திப் பார்ப்பதா, ரத்தம் கொடுப்பதா?

வீசிங், தும்மல், மூக்கடைப்பு என்று போய் நின்றால், வீட்டில் ஓதம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மருத்துவர் அலர்ஜி டெஸ்ட் எழுதிக்கொடுப்பார். அதில் இரண்டு வழி உண்டு. முன்கையில் குத்திப் பார்ப்பது ஒன்று. ரத்தத்தில் அந்தந்தப் பூஞ்சைக்கான ஐஜிஇ (IgE, அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் பொருள்) அளவைப் பார்ப்பது இன்னொன்று. என் மகளுக்கு ரத்தப் பரிசோதனைதான் எடுத்தோம். பூஞ்சை என்று வரும்போது பலருக்கும் அதுதான் தோது என்று நினைக்கிறேன்.

தோல் பரிசோதனைக்கும் நல்ல பக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பொருளின் சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பு எழும். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். ரிசல்ட்டோடு வீட்டுக்கு வந்துவிடலாம். நிறையப் பொருள்களைப் பார்க்க வேண்டியிருந்தால் செலவும் பெரும்பாலும் குறைவு. ரத்தப் பரிசோதனையில் ஒவ்வொரு பூஞ்சைக்கும் தனித்தனிக் கட்டணம், ரிப்போர்ட்டுக்குச் சில நாள் காத்திருப்பு. ஊசி பயம் இரண்டுக்கும் பொது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது மாத்திரைதான். "ஒரு வாரம் அலர்ஜி மாத்திரையை நிறுத்த முடியுமாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். அப்போது கார்த்திகை மாதம், சென்னையில் அடைமழை. படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. மாத்திரை போட்டும் இரவில் மூக்கடைத்து எழுந்து உட்காரும் பிள்ளைக்கு எப்படி நிறுத்துவது?

நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோலில் தடிப்பை எழுப்புவது ஹிஸ்டமின் என்ற, உடம்பே வெளியிடும் ரசாயனம். சிட்ரிசின், லெவோசிட்ரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்றவை அந்த ஹிஸ்டமினைத்தான் தடுக்கின்றன. மாத்திரை உடம்பில் இருந்தால், அலர்ஜி இருப்பவருக்கும் கை சமதளமாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் சொட்டுகளில் ஒன்றாக ஹிஸ்டமினையே வைக்கிறார்கள். அந்த இடம் தடிக்கவில்லை என்றால் மற்ற எதையும் நம்பிப் படிக்க முடியாது, இன்னொரு நாள் மறுபடி வர வேண்டியதுதான்.

இதில் தெரியாமல் மாட்டுகிற இடங்களும் உண்டு. நம் ஊரில் பலரும் போடுவது மான்டிலூகாஸ்ட்டும் லெவோசிட்ரிசினும் சேர்ந்த ஒரே மாத்திரை. மான்டிலூகாஸ்ட்டை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் அதோடு மற்றதும் உள்ளே போய்விடும். சளி சிரப்புகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கும். ஒற்றைத் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின்கூடத் தடிப்பைக் குறைக்கும், அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. ரத்தப் பரிசோதனையில் இந்தக் கவலையே கிடையாது. ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஐஜிஇ-யைத்தான் அளக்கிறார்கள். அலர்ஜி மாத்திரையோ இன்ஹேலரோ அதை மறைப்பதில்லை. பூஞ்சை அதிகம் படுத்துவது மழைக்காலத்தில், மாத்திரையை நிறுத்தவே முடியாததும் அப்போதுதான். அதனால்தான் இந்த ஒரு விஷயத்துக்கு இவ்வளவு எடை கொடுக்கிறேன்.

டெஸ்ட் கொடுக்கும்போது லேப் நீட்டுகிற பெரிய பேக்கேஜை வாங்காமல், பூஞ்சைகளின் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். கூடவே தூசிப்பூச்சியையும் பாருங்கள், ஓதம் அதற்கும் பிடிக்கும். ஐஜிஜி (IgG, இன்னொரு வகை எதிர்ப்புப் பொருள்) என்று போட்ட பட்டியல் வேறு. அது அந்தப் பூஞ்சையோடு உடம்புக்குப் பழக்கம் உண்டு என்று காட்டும், இந்த வகை அலர்ஜியைக் கண்டுபிடிக்க உதவாது.

ரிப்போர்ட்டில் வழக்கமான எல்லை லிட்டருக்கு 0.35 கிலோயூனிட். அதற்கு மேலே வகுப்பு 1 முதல் 6 வரை. மகளுக்கு அல்டர்னேரியா மூன்றாம் வகுப்பு, ஆஸ்பெர்ஜில்லஸ் எல்லைக்குக் கீழே. எண் பெரிதாக இருந்தால் நோயும் அதே அளவு பெரிது என்று அர்த்தமில்லை. பாசிட்டிவ் வந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். திரும்ப எடுத்தால் அதே லேப், அதே முறையில் எடுங்கள். வேறு வேறு கருவிகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

ஆஸ்பெர்ஜில்லஸ் மட்டும் தனிக்கதை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது நுரையீரலையே பாதிக்கும் ஏபிபிஏ என்ற நோயாக மாறும். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் முன்னின்று எழுதிய 2024 சர்வதேச வழிகாட்டுதலில், அந்தப் பூஞ்சைக்கான ஐஜிஇ 0.35-க்குக் குறையாமலும் மொத்த ஐஜிஇ மில்லிலிட்டருக்கு 500 யூனிட்டுக்குக் குறையாமலும் இருப்பது அதைக் கண்டறிவதற்கான அடிப்படை. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்ப்பதற்கும் மொத்த ஐஜிஇ உதவும். தோலில் குத்தி இதைச் செய்ய முடியாது. ஆனால் வயிற்றில் பூச்சி இருந்தாலும் மொத்த ஐஜிஇ ஏறும் என்பதால், அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பூஞ்சைச் சாறு எப்படி வளர்த்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். இந்தக் குறை இரண்டு பரிசோதனைக்கும் உண்டு. ஒன்றில் பாசிட்டிவ், மற்றதில் நெகட்டிவ் என்று வருவதும் அபூர்வமில்லை. கைக்குழந்தைகளுக்கு எது சரி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் ஓதம் அடித்த அறைக்குள் போனாலே தும்மல் வருகிறது என்றால், நான் தோல் பரிசோதனைக்கும் போவேன். அதைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்வேன். மூக்கு கொஞ்சம் அடங்கியிருக்கும், ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் தள்ளிவிடலாம்.