பானெட்டைத் தொறந்து வீட்லயே கழுவலாமா? வேலூர்ல ஒரு பழைய ஸ்விஃப்ட்டுக்கு நானே டீடெய்லிங் (உள்ள வெளியன்னு முழுசா சுத்தம்) பண்ண ரிவ்யூ

போன வருஷம் கத்திரி வெயில்ல சத்துவாச்சாரி பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸ்ல வண்டிய விட்டேன், கடை பேரு வேணாம். பெங்களூர்ல இருந்து ஹைவேல நாலு மணி நேரம் ஓட்டினு வந்து நேரா உள்ள விட்டது, பானெட்டைத் தொட்டா கை சுடுது, அந்தப் பையன் அப்படியே தொறந்து, அடியில சேறு போக அடிக்கறாங்களே அதே பிரஷர் கன்னு, அதே ஃபோர்ஸு, இன்ஜின் மேல சர்ருனு அடிச்சிட்டான். குப்புனு ஆவி கெளம்புது. "அண்ணே ஒண்ணும் ஆவாது, டெய்லி அடிக்கறோம்"னான். மறுநாள் காலைல காட்பாடி மேம்பாலம் ஏறும்போது மீட்டர்ல மஞ்சளா செக் இன்ஜின் லைட்டு, எவ்ளோ மிதிச்சாலும் வண்டி இழுக்கல, பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சினே வர்றாரு, உயிரு கையில இல்ல.

எப்பவும் வண்டி பாக்கற மெக்கானிக் அண்ணன் ஒரு கனெக்டரைக் கழட்டி காமிச்சாரு. "இங்க பாரு தம்பி, உள்ள தண்ணி நின்னுனு கீது." நிஜமாவே சின்னச் சின்ன பித்தளை பின்னு சுத்தியும் துளித்துளியா தண்ணி. ஏர் அடிச்சி, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே பண்ணி, ஸ்கேனர் போட்டு வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான எரர் கோடை அழிச்சி, 1,800 ரூபா ஆச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே இந்த பானெட்டை நானோ அவரோ தவிர யாரும் தொறக்கக் கூடாது.

வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல். 1248 சிசி, ஃபியட்டோட மல்டிஜெட் இன்ஜின். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 பொகை விதி வந்தப்போ மாருதி டீசலயே நிறுத்திட்டாங்க, அதனால இந்த இன்ஜினை இனிமே புதுசா ஷோரூம்ல போய் வாங்க முடியாது, இருக்கறத நல்லா வெச்சிக்கணும். என் வண்டி ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிடுச்சி, எங்கப்பா ஆசையா வாங்குன முதல் கார் இதுதான். கொஞ்சம் கொஞ்சமா சாமான் சேத்து, மொத்தம் ஒரு நாலாயிரம் செலவு பண்ணி, மூணு ஞாயித்துக்கிழமையா வேலை பாத்துட்டேன். எது தேறுச்சி எது தேறலன்னு எழுதறேன், நம்ம ஊர் தண்ணி, நம்ம ஊர் வெயிலுக்கு ஏத்த மாதிரி யாராவது சொன்னா நல்லா இருக்கும்னு நானே அவ்ளோ தேடுனேன், கெடைக்கல.

முதல்ல தண்ணி. ஷாம்பு எது, வாக்ஸ் எதுன்னு மண்டைய ஒடச்சிக்கறதுக்கு முன்னாடி 250 ரூபா போட்டு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்க, ஒரு லிட்டர் தண்ணில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டும். எங்க வீடு தொரப்பாடி, போர் தண்ணில 1,380 காட்டுது. குடிக்கற தண்ணிக்கே பிஐஎஸ் (ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கறவங்க) ஸ்டாண்டர்டுல 500 இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும்னு வெச்சிருக்காங்க. இந்தத் தண்ணிய கருப்பு கலர் கார் மேல ஊத்தி வெயில்ல காய விட்டா அவ்ளோதான், ஒவ்வொரு துளியும் காஞ்ச எடத்துல வெள்ளையா ஒரு வட்டம், கால்சியம் மெக்னீசியம் உப்பு அப்படியே படிஞ்சி நிக்கும். பக்கெட்டு, குழாய் வாயி, பாத்ரூம் டைல்ஸ் எல்லாத்துலயும் பாத்துனுதான் இருக்கோம், கார்ல மட்டும் வராம இருக்குமா. நான் ரெண்டு வருஷமா அத ஷாம்பு சரியில்ல ஷாம்பு சரியில்லன்னு நெனச்சி மாத்தி மாத்தி வாங்கினு இருந்தேன், பெரிய தப்பு.

இன்னொரு தப்பு, ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற வேஸ்ட் தண்ணிய வீணாக்காம கார் கழுவலாம்னு பல பேர் சொல்றாங்க, நானும் பண்ணேன். அது போர் தண்ணிய விட மோசம்ங்க, ஏன்னா உப்பு எல்லாம் அதுலதான் சேந்து வருது. மீட்டர் வெச்சி பாத்தா உங்களுக்கே தெரியும். அத வாசல் கழுவறதுக்கோ டாய்லெட்டுக்கோ வெச்சிக்கலாம். காவிரித் தண்ணி வர்ற அன்னிக்குப் புடிக்கலாம்தான், ஆனா குடிக்கற தண்ணிய கார்ல ஊத்த மனசு வரல. கடைசில கெடைச்ச வழி ஏசி தண்ணி. பெட்ரூம் ஏசில இருந்து சொட்டற பைப்புக்கு கீழ ராத்திரி ஒரு பக்கெட்டை வெச்சா காலைல பாதி பக்கெட்டுக்கு மேல இருக்கும், மீட்டர்ல பாத்தா 40க்கும் கீழ. காத்துல இருக்கற ஈரம்தான் தண்ணியா மாறி வருது, அதுல உப்பு ஏது. கழுவறதெல்லாம் போர் தண்ணில கழுவிட்டு, கடைசி அலசு மட்டும் ரெண்டு நாள் சேத்து வெச்ச இந்தத் தண்ணில. இதுக்கு ஒத்த ரூபா செலவில்ல, ஆனா நான் பண்ணதுலயே பெரிய வித்தியாசம் காமிச்சது இதுதான். ஏற்கனவே விழுந்த வெள்ளைப் புள்ளிக்கு வினிகர் ஒரு பங்கு தண்ணி ஒரு பங்கு கலந்து, வண்டி நல்லா ஆறி இருக்கும்போது துணில தொட்டு ஒரு நிமிஷம் வெச்சி தொடச்சி உடனே தண்ணி ஊத்திடுங்க, பாதிக்கு மேல போய்டும். பழசு போகாது, அதுக்கு பாலிஷ்தான்.

ஷாம்பு 3எம், நல்லா இருக்கு, கொஞ்சம் ஊத்துனாலே போதும். பாத்திரம் வெளக்கற லிக்விட் மட்டும் வேணாம், மேல இருக்கற வாக்ஸை அப்படியே உருவி எடுத்துடும். ரெண்டு பக்கெட்டு வெச்சிக்கணும், ஒண்ணு சோப்புத் தண்ணி, ஒண்ணு கை துணிய அலசறதுக்கு. அலசற பக்கெட்டு அடியில எவ்ளோ மண்ணு நிக்குதுன்னு பாத்தீங்கன்னா திரும்ப ஒத்த பக்கெட்டுல கழுவவே மாட்டீங்க. பாலாத்து மணல் லாரிக்குப் பின்னாடியும் கிரஷர் லாரிக்குப் பின்னாடியும் ஓட்டற ஊரு நம்மளுது, அந்த மண்ணைத் துணியோட சேத்து தேச்சாதான் பெயின்ட்ல அந்த வட்ட வட்டமான கீறல் வருது. காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சி எட்டரைக்குள்ள முடிச்சிடுங்க, அதுக்கு அப்பால வெயில் வந்துட்டா ஷாம்பு பாடி மேலயே காஞ்சிடும்.

ஆயுத பூஜைக்கு பானெட்டு மேல சந்தனம் குங்குமம் வெப்போமே, அது காஞ்சி போச்சின்னா நகத்தால சொரண்டாதீங்க, காஞ்ச சந்தனத்துல மணல் மாதிரி துகள் இருக்கு. ஈரத் துண்டை அது மேல பத்து நிமிஷம் போட்டு வெச்சா தானா ஊறி வந்துடும். எங்க வண்டில மூணு வருஷமா சொரண்டி சொரண்டி நாலு எடத்துல கீறல் இருக்கு.

கிளே பார் பத்தி ரொம்ப பேருக்குத் தெரியல, பெயின்ட்ல ஒட்டுன அழுக்கை எடுக்கற மெத்துனு ஒரு களிமண் கட்டி. வண்டிய நல்லா கழுவி காயவெச்சதுக்கு அப்புறம் ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவர கையில மாட்டினு பானெட்டைத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு ரவை ஒட்டுன மாதிரி இருக்கும், வெறும் கையில அது தெரியாது. ஷாம்பு தண்ணிய மேல அடிச்சினே இந்தக் களிமண்ணை லேசா தேச்சா அது எல்லாத்தையும் புடிச்சி எடுத்துடுது, நான் தேச்ச வெள்ளைக் கட்டி ரெண்டு டோர் முடியறதுக்குள்ள பழுப்பாயிடுச்சி. கை தவறி கீழ விழுந்தா எடுத்து மறுபடி தேக்கக் கூடாது, கல்லு ஒட்டிக்கும், தூக்கிப் போட வேண்டியதுதான், நான் பாதி கட்டிய அப்படித்தான் எழந்தேன், அதனால முதல்லயே நாலு துண்டா வெட்டி வெச்சிக்கோங்க. அப்பால ஃபார்முலா 1 கார்னுபா வாக்ஸ், நெழல்ல மட்டும், கொஞ்சமா. தண்ணி ஊத்துனா முத்து முத்தா ஓடுது. நம்ம வெயில்ல ஒண்ணரை மாசம் நின்னா பெருசு.

மைக்ரோஃபைபர் துணி மலிவா பத்து பீஸ் பாக்கெட்டு ஒண்ணு வாங்குனேன், ஓரத்துல நைலான் நூல்ல தையல், அந்த ஓரமே கீறுது. காசு வேஸ்ட்டு. ஓரம் இல்லாத, மெத்துனு இருக்கற துணி மூணு வாங்குனா போதும். தொவைக்கும்போது துணிக்கு வாசனை வர்ற கண்டிஷனர் போடாதீங்க, தண்ணி உறிஞ்சாது. மெக்கானிக் ஷெட்டுல வெச்சிருக்கற பனியன் வேஸ்ட்டு இன்ஜினுக்கு ஓகே, பெயின்ட் மேல கொண்டு போவாதீங்க.

இப்ப பானெட்டுக்கு வர்றேன், நான் எழுத ஒக்காந்ததே இதுக்குத்தான்.

ராத்திரி நிறுத்துன வண்டி, காலைல இன்ஜின் சில்லுனு இருக்கணும். சூடான இரும்புல தண்ணி பட்டா அதுக்கும் ஆவாது, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கற டீகிரீசரும் வேலை செய்யறதுக்கு முன்னாடியே காஞ்சிடும். முதல்ல தண்ணியே இல்லாம வேலை. வைப்பருக்கு கீழ இருக்கற பிளாஸ்டிக் கிரில்ல இருந்து வேப்பம்பூ, வேப்பெல, சருகுன்னு ரெண்டு கை நெறைய எடுத்தேன், எங்க வீட்டு வாசல்ல வேப்பமரம். அந்தக் குப்பை தண்ணி போற ஓட்டைய அடச்சிக்கும், மழை பேஞ்சா தண்ணி போக வழியில்லாம நிக்கும். பேட்டரிக்குப் பின்னாடி கை விட்டா தேங்கா நாரு, ஒரு சாக்லேட் பேப்பர், ஏதோ பஞ்சு. எலி. ஒரு வயரோட மேல் தோலை லேசா கொரிச்சி வெச்சிருக்கு, செம்பு இன்னும் வெளிய தெரியல. நான் அன்னிக்கு தொறக்காம விட்டிருந்தா இன்னும் பத்து நாள்ல வண்டி ரோட்ல நின்னிருக்கும். பக்கத்து வீட்டு மாமா பொகையெலைய துணில கட்டி உள்ள வைக்கச் சொன்னாரு, பல பேர் பண்றாங்க, வைக்கறவங்க சைலன்சர் மேனிஃபோல்டு (இன்ஜின்ல இருந்து சூடான பொகை வர்ற குழாய்) பக்கம் மட்டும் வைக்காதீங்க, காஞ்ச எலையும் துணியும் தீப்புடிக்கற சாமான்.

அடுத்து 10 நம்பர் ஸ்பேனர்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை முதல்ல கழட்டணும், மாட்டும்போது அது கடைசி. டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தது, ஆப்ப சோடாவ தண்ணில கொழச்சி பழைய பல் தேய்க்கற பிரஷ்ல தடவுனா நொரைச்சினு வருது, ஆசிட்டை அது முறிச்சிடும். தொடச்சிட்டு லேசா வாசலின். ஆல்டர்னேட்டர் (பேட்டரிய சார்ஜ் பண்றது), ஃபியூஸ் பாக்ஸ், ஈசியூ (இன்ஜினோட கம்ப்யூட்டர்), ஏர் ஃபில்டருக்கு காத்து போற வாயி, நாலையும் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டுனேன். ஆயில் மூடி, டிப் ஸ்டிக் டைட்டா இருக்கான்னு பாத்துக்கணும்.

அப்பால ரெண்டு லிட்டர் கை பம்ப் ஸ்ப்ரேயர், 600 ரூபா. இந்த லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா இத வாங்குங்க. செடிக்கு மருந்து அடிக்கற மாதிரி, கையால அமுக்கற பிரஷர்தான், கனெக்டருக்குள்ள தண்ணி பூந்துடற அளவுக்கு ஃபோர்ஸ் கெடையாது. டீகிரீசரை பாட்டில்ல போட்டிருக்கற அளவுக்கு தண்ணி கலந்து ஒரு நேரத்துல கால்வாசி எடம்தான் அடிக்கணும், மூணு நிமிஷம், அப்பறம் நீள முடி பெயின்ட் பிரஷ்ல தேய்ச்சி, தண்ணி ஸ்ப்ரே, துணி. கருப்பா வழியும். சில கடைல டீசலோ மண்ணெண்ணெயோ அடிச்சி பளபளன்னு காமிப்பாங்க, வேணாம்ங்க, ரப்பர் ஹோஸை அது ஊத வெச்சி கெடுத்துடும், இன்ஜின் சூட்டுல தீப்புடிக்கற பயம் வேற. ரேடியேட்டர் முன்னாடி இருக்கற மெல்லிசு தகடுங்கள பிரஷ்ல அழுத்தக் கூடாது, விரல் பட்டாலே மடங்குது.

கடைசியா பிளாஸ்டிக்குக்கும் ஹோஸுக்கும் வாட்டர் பேஸ் டிரெஸ்ஸிங் (பளபளப்பு குடுக்கற பூச்சு), ஸ்ப்ரேயா அடிக்காம துணில தொட்டுத் தடவுனேன், ஏன்னா பெல்ட்டு மேல ஒரு சொட்டு பட்டாலும் வழுக்கும். கவரெல்லாம் கழட்டி, பானெட்டைத் தொறந்தே வெச்சி ரெண்டு மணி நேரம் காயவிட்டு, டெர்மினல் மாட்டி ஸ்டார்ட் பண்ணேன். முதல் கிக்குல புடிச்சது. மீட்டர்ல ஒரு லைட்டு இல்ல. சொன்னா நம்புவீங்களான்னு தெரியல, கண்ணு கலங்கிடுச்சி.

உள்பக்கம் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டு வேக்கம் கிளீனரே போதும், டேஷ்போர்டுல பளபளக்கற பாலிஷ் மட்டும் போடாதீங்க, பகல்ல கண்ணாடில அதோட நெழல் விழுந்து ரோடு தெரியாது.

ரெண்டு வாரம் கழிச்சி சும்மா பானெட்டைத் தொறந்து பாத்தேன். ரேடியேட்டர் மேல் ஹோஸ், கிளாம்ப் இருக்கற எடத்துல பச்சையா, காஞ்ச உப்பு மாதிரி, அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு. முன்னாடி இருந்த அழுக்குல அது எத்தனை மாசமா இருந்துச்சோ, தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. கூலன்ட் டப்பால லெவலும் மினிமம் கோட்டுக்குக் கீழ. மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன், அவரு பானெட்டைத் தொறந்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, உள்ளயே பாத்துனு இருந்தாரு. "இன்னா தம்பி, புது வண்டி மாதிரி கீது, யார்கிட்ட குடுத்த?"ன்னாரு. நானேதாண்ணேன்னு சொன்னேன். ஹோஸும் கிளாம்பும் மாத்தி கூலன்ட் ஊத்தி 900 ரூபா. அதுக்கு அடுத்த வாரம்தான் அம்மா அப்பாவ ஏத்தினு ஏலகிரி போறதா இருந்தோம், 14 ஹேர்பின் பெண்டு, ஃபுல் ஏசி, மே மாசம். போய்ட்டு வந்தோம், டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு மேல ஏறவே இல்ல.