மார்கழி, தையில் மலையேற: ஊட்டியா, கொடைக்கானலா?

குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று வகுத்து வைத்திருக்கிறது நம் இலக்கண மரபு. ஐப்பசியில் தொடங்கித் தை முடிய நான்கு மாதம். மலையை மலையாகப் பார்க்க அதுதான் பருவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளிக்கூட லீவை ஒட்டி ஏப்ரல், மேயில் கிளம்பி, மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ வண்டி வரிசையில் பாதி நாளைத் தொலைப்பதே நமக்குப் பழகிவிட்டது. இந்தத் தடவை குளிர்காலத்தில் போகலாம் என்று மனசு வைத்தவர்கள் அடுத்துக் கேட்பது, ஊட்டியா கொடைக்கானலா என்றுதான்.

உயரத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130. நூறு மீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். முடிவு செய்வது மழை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலை என்பது மேற்குத் தொடர்ச்சியிலிருந்து பிரிந்து கிழக்கே நீண்டு கிடக்கிற கிளை. அதனால் வடகிழக்குப் பருவமழையை அது நேராக வாங்குகிறது. கொடைக்கானலுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். டிசம்பர் முற்பாதியிலும் அங்கே சாரலும் மூடுபனியுமாகப் பல நாள் கழியும். ஊட்டிக்கும் அதற்கு மேற்கே அவலாஞ்சிக்கும் முக்கியமான மழை ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்றோடு வந்துவிடுகிறது. நீலகிரியிலேயே குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவை கொடைக்கானல் கட்சி. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவு, மலை ரயில் ரத்து என்ற செய்தியெல்லாம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருவது இதனால்தான்.

ஆகவே டிசம்பர் முதல் பாதியில்தான் லீவு கிடைக்கும் என்றால் யோசிக்காமல் ஊட்டி. பொங்கல் கழிந்து போக முடிந்தால் இரண்டு மலையும் திறந்து கிடக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரத்தை மட்டும் இரண்டுக்கும் விட்டுவிடுங்கள். அது இன்னொரு மே மாதம்.

இனி குளிருக்கு வருவோம். ஊட்டியின் குளிர்காலத்துக்கு ஈடில்லாத ஒன்று உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்கு ஏறிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் உச்சியைவிடத் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி அதிகம். தலைகுந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்தரை என்று வெளுத்துக் கிடக்கும் இடங்களைப் பாருங்கள், எல்லாம் பள்ளம், எல்லாம் திறந்தவெளி. வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டு, அதற்குக் கீழேயும் போகும். இதைப் பார்ப்பதற்காகவே தொட்டபெட்டா உச்சிக்கு (2,637 மீட்டர்) விடிகாலையில் போக நினைப்பவர்கள் தப்பான திசையில் போகிறார்கள். சூரியன் ஏறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் கரைந்துவிடும். விடியும்போதே புல்வெளி ஓரத்தில் இருக்க வேண்டும். புல்லை மிதித்து நடக்காமல் ஓரத்தில் நின்று பாருங்கள். உறைந்த புல் மிதிபட்டால் ஒடிந்து கருகிவிடும்.

அந்த வெள்ளையைக் கண்டு நாம் மகிழும் அதே காலையில் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு வயிறு கலங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உறைபனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகும். செடிகளின்மேல் காய்ந்த புல்லும் செடிகொடியும் போட்டு மூடி வைத்திருப்பதை வழியெங்கும் பார்க்கலாம். ஆனால் கருகாமல் தப்பிய கொழுந்துக்குத் தனி மவுசு. குளிரிலும் வறண்ட காற்றிலும் செடி மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. நீலகிரித் தேயிலையில் நல்ல சரக்கு இந்த மாதங்களில் பறித்ததுதான் என்று குன்னூர் பக்கம் சொல்வார்கள். வாங்குவதாக இருந்தால் தூள் தேயிலையை விட்டுவிட்டு, இலை இலையாகச் சுருண்டிருக்கும் ஆர்த்தடாக்ஸ் ரகத்தைக் கேளுங்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

கொடைக்கானலிலும் உறைபனி விழாமல் இல்லை. ஏரிப் பக்கம், ஜிம்கானா, பிரையண்ட் பூங்கா என்று சில காலைகளில் புல் வெளுக்கும். ஆனால் கொடைக்கானலின் குளிர்காலம் அதற்காக அல்ல. மலையின் தெற்கு விளிம்பு செங்குத்தாக விழுகிற இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. 1872இல் போட்ட கோக்கர்ஸ் வாக் பாதையில் தை மாதக் காலையில் நின்றால் பெரியகுளம் சமவெளியும் வைகை அணையும் கையெட்டும் தூரத்தில் தெரிவதுபோல இருக்கும். சில நாள் சமவெளி முழுக்க மேகம் நிரம்பி, நாம் மேலே வெயிலில் நிற்போம். பகலில் சரிவுகள் சூடேற ஏற ஈரக்காற்று மேலே கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் தூண் பாறை, வட்டக்கானல் எல்லாம் காலையிலேயே பார்த்துவிட வேண்டியவை. மாலை வெயில் முதுகில் விழ, எதிரே மேகம் வந்து நிற்கும் அபூர்வமான நாளில் நம் நிழலே அந்த மேகத்தின்மேல் ஒளி வளையத்தோடு தெரியும். இந்தக் காட்சி ஊட்டி நகருக்குள் கிடைக்காது. அது நாலாபுறமும் குன்று சூழ்ந்த ஊர்.

ஏரிக்கரை நடைக்கும் என் ஓட்டு கொடைக்கானலுக்கே. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெரி லெவிஞ்ச் அமைத்த ஏரி. சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். காற்றைவிடத் தண்ணீர் சூடாக இருக்கும் விடிகாலையில் ஏரி முழுக்க ஆவி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

பூவுக்காக வருபவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஏமாற்றம்தான். மே மாதக் கண்காட்சிக்கான நாற்று நடவு நடக்கும் பருவம் இது. ஆனால் பூங்காவுக்கு வெளியே, சோலைக்காட்டு ஓரங்களில் காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் மரங்கள் ரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கும். அது இரண்டு மலைக்கும் பொது. குறிஞ்சிப்பூ கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018இல், அடுத்தது 2030இல். இடையில் யாராவது காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் பணம் கொடுத்துப் போகாதீர்கள்.

மனிதர்களையும் அவர்கள் வழிபாட்டையும் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் நீலகிரிதான். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில் வரும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் பேரகணியில் ஆயிரக்கணக்கானவர்கள் வெள்ளை உடையில் திரள்வார்கள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தோடர்களின் மொற்பர்த் பண்டிகையும் இதே குளிர்காலத்தில்தான், ஊட்டி அருகே முத்தநாடு மந்தில் நடக்கும் (மந்து என்பது தோடர் குடியிருப்பு). அது அவர்கள் வீட்டுச் சடங்கு. அழைத்தால் ஒழியக் கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் போட்டி சமம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்கேதான் கண்டுபிடித்தார். ஊட்டிப் பக்கம் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி. மலைச் சரிவும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்த மூளையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால்? ஜனவரி கடைசியில் நீலகிரி, ஆனால் தங்குவது குன்னூரில். குன்னூர் ஊட்டியைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. அப்பா, அம்மாவுக்கு மூச்சுத் திணறல், மூட்டு வலி இருந்தால் இந்த 400 மீட்டர் ராத்திரியில் பெரிய வித்தியாசம். விடிகாலையில் யாருக்கு ஆசையோ அவர்கள் மட்டும் ஊட்டிக்குப் போய் உறைபனி பார்த்துவிட்டு வரலாம். இன்னொன்று மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்தப் பாதை 1899இல் திறந்தது. ஊட்டிக்கு 1908இல் நீண்டது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழை ஓய்ந்த தை, மாசியில் 46 கிலோமீட்டரும் தெளிந்த வானத்தோடு போகலாம். இதற்கு நிகராகக் கொடைக்கானலிடம் எதுவும் இல்லை. இரண்டாவது தடவை போகிறவர்கள், கூட்டமே வேண்டாம் என்பவர்கள் கொடைக்கானலுக்குப் போய், ஊரில் நிற்காமல் பூம்பாறை, மன்னவனூர் என்று இன்னும் உள்ளே நடையைக் கட்டுங்கள். படிக்கட்டு வயல்கள், மலைப்பூண்டு, மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையின் புல்வெளி என்று அது வேறு உலகம்.

எந்த ஊரானாலும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். கதவு, ஜன்னலை அடைத்த இடத்தில் எரியும் கரி, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இரண்டு மலையிலும் குளிர்காலத்தில் இப்படிப் போயிருக்கிறார்கள். குளிர் தாங்கவில்லை என்றால் கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கேயே மலை ரயிலில் மாறலாம், டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கொடைக்கானலுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து கொடைக்கானல் ரோட்டில் இறங்கினால், அப்புறம் சுமார் 80 கிலோமீட்டர் சாலைப் பயணம். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரண்டு இடத்துக்கும் இ-பாஸ் வேண்டும். கொடைக்கானலுக்குத் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் காரில் வந்தால், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலைகளில் பழனி பாதயாத்திரைக்காரர்கள் ராப்பகலாக ஓரத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். விளக்கைத் தாழ்த்தி, மெதுவாக ஓட்டுங்கள்.