‘ஒரே வாரத்தில் குட்டி தனியாக இருக்கப் பழகிவிடும்’ என்பவரிடம் குட்டியைக் கொடுக்காதீர்கள்

வேலைக்குப் போகிறவர்கள் நாய்க்குட்டி வாங்கியதும் முதலில் தேடுவது இதைத்தான்: பகலில் தனியாக விட்டால் கத்தாமல் இருக்க என்ன வழி? அந்தத் தேடலைக் குறிவைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. "குட்டியை எங்களிடம் விடுங்கள், ஒரே வாரத்தில் பழக்கித் தருகிறோம், நூறு சதவீத உத்தரவாதம்." அதில் எங்கள் பணம் போனது. பணம் போனால் போகட்டும், இரண்டு மாதக் குட்டி பட்ட பாடு இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் பேச்சில் கெட்டிக்காரர். எங்கள் வேலை நேரம் என்ன என்று மட்டும் கேட்டார். குட்டிக்கு எத்தனை வாரம், தடுப்பூசி எதுவரை போட்டிருக்கிறது, நாங்கள் அடுத்த அறைக்குப் போனால் என்ன செய்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. "கவலையே வேண்டாம் மேடம், இனிமேல் சத்தமே வராது" என்றார். முழுப் பணமும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். நடுவில் வந்து பார்க்கலாமா என்றதற்கு, "உங்களைப் பார்த்தால் பயிற்சி கெட்டுப்போகும், தினமும் வீடியோ அனுப்புகிறோம்" என்று பதில்.

வீடியோவும் வந்தது. கூண்டுக்குள் குட்டி படுத்திருக்கிறது, பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். குட்டி சமர்த்தாக இருக்கிறதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்க, என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடியில் நிமிட முள் அரை வட்டம் தாண்டிவிட்டது! இடையில் இருந்ததை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால், "ஃபைல் பெரிதாக இருந்தது சார், சுருக்கினோம்."

உடனே கிளம்பிப் போனோம். ஒரே அறையில் வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி. எங்கள் குட்டியின் மூக்குக்கு மேலே முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. கம்பிக்கு நடுவில் மூக்கை விட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அப்படித்தான் ஆகும். அவரோ பெருமையாகச் சொன்னார்: "பாருங்கள் மேடம், இப்போது கத்துகிறதா?"

கத்தவில்லை என்பது உண்மைதான். வீட்டிலும் கத்தவில்லை. ஆனால் கேமராவில் பதிவானதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டியபோது, அவர் ஒலியைப் பற்றிக் கேட்கவே இல்லை, படத்தைத்தான் காட்டினார். குட்டி படுக்கவில்லை, கதவையே பார்த்து நிற்கிறது. வெயில் இல்லை, ஓடவில்லை, ஆனாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. மார்பு முடி எச்சிலில் நனைந்திருக்கிறது. பக்கத்தில் வைத்த தின்பண்டம் அப்படியே கிடக்கிறது, நாங்கள் உள்ளே வந்த மறுநிமிடம் அதை விழுங்குகிறது. "பசி இல்லாமல் இல்லை, பயத்தில் சாப்பிட முடியவில்லை. கத்திப் பயனில்லை என்று நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967-இல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வையும் சொன்னார். தப்பிக்க வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு வழி இருந்தபோதும் முயற்சி செய்யாமல் படுத்துவிட்டனவாம். இந்த ஆட்கள் ‘பழகிவிட்டது’ என்று காசு வாங்குவது பெரும்பாலும் அந்தப் படுத்துவிடுதலுக்குத்தான்.

மருத்துவர் கோபப்பட்டது வேறு ஒரு விஷயத்துக்கு. குட்டிகளுக்கான தடுப்பூசி வரிசை முடிய ஏறக்குறைய 16 வாரம் ஆகும். அதற்குள் யார் யாருடைய குட்டிகளோ இருக்கும் அறையில் விடுவது பார்வோ வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுவது மாதிரி. அது கழிவு வழியாகப் பரவும், தரையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், சின்னக் குட்டிகளைச் சில நாளில் கொன்றுவிடும். எங்கள் குட்டி தப்பியது அதிர்ஷ்டம்.

அந்தப் பயிற்சியாளரிடம் திரும்பப் பேசினால் நியாயம் கிடைக்கும் என்று பார்த்தால், அடுத்த விற்பனை தொடங்கியது. குரைத்தால் ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை, கூடவே ‘அட்வான்ஸ்டு கோர்ஸ்’. வேல்ஸ் நாட்டில் 2010 முதல் நாய்களுக்கு மின்னதிர்ச்சிப் பட்டை போடுவதே சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும், வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறைகளை மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. பயத்தில் கத்தும் குட்டிக்குக் கத்தியதற்காக வலியும் கொடுத்தால், தனிமை என்றாலே வலி என்றுதான் அது கற்றுக்கொள்ளும். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் ஒப்பந்தத்தின் கடைசி வரியைக் காட்டினார்: ‘பயிற்சியின் பலன் உரிமையாளரின் ஒத்துழைப்பைப் பொறுத்தது.’ நூறு சதவீத உத்தரவாதம் அந்த ஒரு வரியில் கரைந்தது. அப்புறம் எங்கள் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்.

இதில் அடிப்படை ஏமாற்று என்னவென்றால், ஒரு வாரத்தில் எந்தக் குட்டிக்கும் இது சாத்தியமில்லை. சிறுநீரை அடக்கும் திறன் வயதோடுதான் வரும். பொதுவாகச் சொல்லும் கணக்கு, எத்தனை மாதமோ அத்துடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரம். இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று. அதுவே தாராளமான கணக்கு, விழித்திருக்கும்போது அதற்கும் முன்பே போய்விடும். எட்டு மணிநேரக் கூண்டு என்றால் தன் ஈரத்திலேயே உட்காரப் பழக்குகிறோம் என்று அர்த்தம். எந்தப் பயிற்சியாலும் அந்தச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்க முடியாது. அதனால் முதல் சில மாதங்களுக்குப் பகலில் யாராவது வந்து போகத்தான் வேண்டும்: வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் வீட்டார், சொந்தக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, சம்பளத்துக்கு ஒருவர். இதைச் சொல்லாத பயிற்சியாளர் எதையோ மறைக்கிறார்.

மருத்துவர் அனுப்பிய பெண்மணி வீட்டுக்கே வந்தார். முதலில் கேமரா பதிவைக் கேட்டார். கூண்டை ஒதுக்கிவிட்டு, படுக்கையும் தண்ணீரும் வைத்த ஒரு தடுப்புக்குள், கதவு திறந்தபடியே குட்டிக்குச் சாப்பாடு வைக்கச் சொன்னார். ரப்பர் பொம்மைக்குள் உணவைத் திணித்துக் கொடுத்தால் நக்கி நக்கியே அமைதியாகும். நாங்கள் சாவியை எடுப்பதும் செருப்பு மாட்டுவதும்தான் அதற்கு அபாயச் சங்கு, அதனால் சாவியை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்காரச் சொன்னார். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அது வேலை செய்தது. பிறகு கதவுக்கு வெளியே சில நொடி, அழத் தொடங்கும் முன்பே உள்ளே. பிறகு கொஞ்சம் கூடுதலாக. பதற்றம் தெரிந்தால் பழைய நேரத்துக்கே திரும்ப வேண்டும். மெதுவான வேலை, விளம்பரத்துக்கு ஆகாத வேலை. இன்னும் முடியவில்லை, ஆனால் இப்போது நாங்கள் வெளியே போன பிறகு குட்டி பொம்மையைக் காலி செய்துவிட்டுத் தூங்குகிறது.

யாரையாவது அமர்த்துவதாக இருந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: குட்டி அழுதால் என்ன செய்வீர்கள்? "அழுது ஓயட்டும்", "அதற்கு எங்களிடம் கருவி இருக்கிறது", "அது எங்கள் தொழில் ரகசியம்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. தடுப்பூசி அட்டையைக் கேட்காதவரிடம் குட்டியை விடாதீர்கள். பார்க்க வரக்கூடாது என்றால், அதுவே பதில். பணத்தை ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், சண்டை போடும் முன்பே உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோக்களை இறக்கி வையுங்கள். எங்கள் ஆள், பணம் கேட்ட அன்றே ‘உத்தரவாதம்’ என்று எழுதிய செய்திகளை அழித்துவிட்டார். ரசீதும், மூக்குப் புண்ணைப் பற்றி மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும், வெட்டி ஒட்டிய அந்த வீடியோவும்தான் இப்போது எங்கள் புகாரில் இருக்கின்றன.