பாறைக் கரைக்கு பிளாஸ்டிக் கடல் கயாக் வாங்கலாமா?

ஓதம் ஏறி இறங்கும் பாறைக் கரையில் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்புவதற்கு ஒரு கயாக் வேண்டுமென்றால், தயங்காமல் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த படகையே வாங்கலாம். நீளம் 14 முதல் 16 அடி, பின்புறம் இறக்கி ஏற்றும் ஸ்கெக் (படகை நேராக ஓடவைக்கும் அடித்தகடு), முன்னும் பின்னும் நீர்புகாத அறைகள். இந்த மூன்றும் இருக்கவேண்டும். ஃபைபர் கிளாஸ் படகு வேகத்தில் முந்தும். ஆனால் அலை தூக்கிப் பாறைமேல் போட்டால் அதன் மேற்பூச்சு சில்லுசில்லாகத் தெறிக்கும். பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் ஒரு கீறலோடு போய்விடும்.

விலை இதில் வேறு வகையில் கொடுக்கவேண்டியிருக்கிறது: எடை. காலிப் படகே 25 கிலோவைத் தாண்டும். சாப்பாடு, தண்ணீர், மாற்றுடை ஏறினால் இன்னும் கூடும். உயர் ஓதத்தில் பத்தடி தூக்கி இறக்கிய இடம், வற்றிய பிறகு வழுக்கும் பாசிப் பாறைகளாக நீண்டு கிடக்கும். கணுக்கால் பிசகுவது அங்கேதான். அதனால் திட்டத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து போடுங்கள். உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பின்னாகக் கரையேறுவதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். வற்றத் தொடங்கிய முதல் மணியில் மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும். மூன்றாவது, நான்காவது மணிகளில் தலா மூன்று பங்கு. நீர்மட்ட வித்தியாசம் 4 மீட்டர் என்றால், அந்த இரண்டு மணியில் மட்டும் 2 மீட்டர் இறங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது இன்னும் கடுமை.

வேகத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். இத்தகைய படகில் நாள் முழுக்கத் தாங்கும் வேகம் மணிக்கு 5 கி.மீ. என்று வையுங்கள். 2 நாட் (மணிக்குச் சுமார் 3.7 கி.மீ.) நீரோட்டம் எதிர்த்தால் மிஞ்சுவது 1.3 கி.மீ.தான்; கூட வந்தால் 8.7. கடலுக்குள் நீளும் நிலமுனைகளைச் சுற்றும் நேரத்தை நீரோட்டம் ஓயும் வேளைக்கு வைப்பது நல்லது. அந்த ஓய்வு உயர் ஓத நேரத்தோடு ஒத்துப்போகவேண்டும் என்பதில்லை. இடத்துக்கு இடம் மாறும். ஓதப் பட்டியலோடு நீரோட்ட வரைபடத்தையும் பாருங்கள்.

ஸ்கெக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அதிகம் மக்கர் செய்வது அதுதான். பக்கவாட்டுக் காற்றில் படகு ஓடும்போது பின்பாகம் எளிதில் வழுக்கி நகர, மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். ஸ்கெக்கைப் பாதி இறக்கினால் நேராகும். முழுக்க இறக்கினால் மூக்கு காற்றோடு போகும். கூழாங்கல் கரையில் படகை இழுத்துத் தண்ணீரில் விடும்போது ஸ்கெக் உள்ளே ஏறி ஒடுங்கும் பெட்டிக்குள் ஒரு கல் சிக்கிக்கொள்ளும். அப்போது ஸ்கெக்கை இயக்கும் நெம்பியைப் பலமாகத் தள்ளினால் உள்ளே ஓடும் கம்பி மடங்கிவிடும், அதன்பின் கல்லை எடுத்தாலும் சரியாக இறங்காது. ஸ்கெக் தகட்டின் கீழ் மூலையில் சிறு துளையிட்டு விரல் நீளக் கயிறு ஒன்று கட்டிவிடுங்கள். கூட வருபவர் கடலிலேயே இழுத்து விடுவித்துவிடலாம். கரை ஒதுங்குமுன் ஸ்கெக்கை ஏற்ற மறக்கவேண்டாம்.

அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளில், பசை வைத்து ஒட்டிய ஃபோம் நாளடைவில் விளிம்பில் விட்டுக்கொடுக்கும். உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தடுப்பு மேல். சோதிப்பது சுலபம்: அறையின் மூடியைத் திறந்து சில லிட்டர் தண்ணீர் ஊற்றி, படகைச் சாய்த்து, இருக்கைப் பக்கம் கசிகிறதா என்று பாருங்கள். ஒரு முனை மட்டும் நிறைந்தால் படகு செங்குத்தாக நின்றுவிடும். கடலில் அதை மீட்பது பெரும்பாடு. தடுப்பில் ஊசித்துளை ஒன்று தெரிந்தால் ஓட்டை என்று அடைத்துவிடாதீர்கள். வெயிலில் சூடான காற்று குளிர்ந்த நீரில் சுருங்கும்போது மூடி உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்க வைத்தது அது.

காரின் மேல் வெயிலில் இறுக்கிக் கட்டி நாள்கணக்கில் விட்டால் அடிப்பாகம் குழியும். தடுப்புச் சுவர் இருக்கும் இடங்களில் தாங்கு கொடுத்து, ஓட்டம் முடிந்ததும் வாரைத் தளர்த்திவிடுங்கள். விரிசல் விட்டால் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பற்றவைக்கவேண்டும்.

பழைய படகு வாங்குபவர்கள் கீறல்களைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பின்முனையின் அடியில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கரையில் இழுத்து இழுத்து மெலிந்திருந்தால் அங்கே நெகிழும். அந்தப் படகை விட்டுவிடுங்கள்.